மழையில் தொடங்கும் ஆண்டு: கிராசலேமா மலையில் பறவை பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

தெற்கு ஸ்பெயினுக்குப் பறவை பார்க்கப் போவதாக யாராவது சொன்னால், எந்த மாதம் என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேர் ஜூலை அல்லது ஆகஸ்ட் என்பார்கள். பள்ளி விடுமுறை அப்போதுதான். நானும் முதல்முறை அப்படித்தான் போனேன். ஆகஸ்ட் நடுவில், காலை பதினொரு மணிக்கு, கிராசலேமா ஊருக்கு மேலே ஒரு கல் பாதையில் நின்றேன். புல் முழுக்க வைக்கோல். சில்வண்டு இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. இரண்டு மணி நேரத்தில் உயரத்தில் சில பாறுகள், அதாவது பிணந்தின்னிப் பறவைகள், அவ்வளவுதான். இரண்டு ஆண்டு கழித்து நவம்பரில், நல்ல மழை பெய்த மறுநாள், அதே பாதைக்குப் போனேன். பாறைக்குப் பாறை ஒரு குருவி இருந்தது. காட்டு ஒலிவ மரம் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று பழம் கொத்திக்கொண்டிருந்தது.

பாதை அதேதான், மாறியது மழை. இந்த மலையில் பறவை பார்ப்பது எப்படி என்று யார் கேட்டாலும், பறவைப் படங்களைப் புரட்டுவதற்கு முன் மழை எப்போது பெய்கிறது, வெயில் எப்போது எரிக்கிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளச் சொல்வேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் மழை

கிராசலேமா மலைத்தொடர் ஆந்தலூசியாவில், காதிஸ், மாலகா மாகாணங்களின் எல்லையில் இருக்கிறது. 1977இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அட்லாண்டிக் கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று, சமவெளியைக் கடந்ததும் முதலில் முட்டிக்கொள்ளும் பெரிய சுவர் இந்தச் சுண்ணாம்புக்கல் மலைதான். அதனால் வறண்ட தெற்கு ஸ்பெயினின் நடுவே, ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஓர் ஊர் இருக்கிறது. ஆனால் அந்த மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான். ஜூலை, ஆகஸ்டில் ஒரு சொட்டும் விழாமல் போவது சாதாரணம். விழுந்த நீரும் சுண்ணாம்புக்கல்லின் துளைகள் வழியே உள்ளே இறங்கி, மலையடியில் ஊற்றாக வெளிவருகிறது. மேலே ஓடைகள் கோடையில் வெறும் கல்லாகக் கிடக்கும்.

ஸ்பெயினில் நீர்க்கணக்கு ஆண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. இந்த மலையின் உயிர்களுக்கும் அதுதான் புத்தாண்டு. வட ஐரோப்பியக் கண்ணோடு பார்த்தால் இலையுதிர்காலம் என்றால் எல்லாம் முடியும் காலம், வசந்தம் என்றால் பிறப்பு. இங்கே அது பொருந்தாது. ஐப்பசி மழையில் தரிசு பச்சையாவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கும் முதல் மழைக்குப் பிறகு பத்தே நாளில் மலை பச்சை பூசிக்கொள்கிறது. உயிர்களுக்குக் கொடிய காலம் குளிர்காலம் அல்ல, கோடை.

எங்கே தங்குவது, எப்படிப் போவது

மாலகா, செவில்யா, ஹெரேஸ் மூன்றிலும் விமான நிலையம் உண்டு. அங்கிருந்து கார் எடுப்பதே நல்லது. மலைக்குள் பேருந்துகள் குறைவு, அவை ஓடும் நேரம் பறவை நேரம் அல்ல. கார் ஓட்டாதவர்கள் ரோண்டாவில் தங்கலாம். அல்ஹெசிராஸிலிருந்து ரயில் வருகிறது. ஊரின் நடுவிலேயே தாஹோ என்ற பள்ளத்தாக்கு பிளந்து கிடக்கிறது. 1793இல் கட்டி முடித்த புதுப்பாலம் கிட்டத்தட்ட நூறு மீட்டர் உயரத்தில் அதைக் கடக்கிறது. அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றால் செவ்வலகுக் காக்கைகள் உங்கள் காலுக்குக் கீழே பறக்கும். பறவையின் முதுகை மேலிருந்து பார்ப்பது அரிய வாய்ப்பு. சுற்றுலாக் கூட்டம் வருவதற்கு முன், காலை எட்டு மணிக்குள் அங்கே இருங்கள்.

கார் இருந்தால் கிராசலேமா ஊரிலோ, ஏரிக்கரையில் குன்றின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சாரா தே லா சியராவிலோ தங்குங்கள். எனக்குப் பிடித்தது வில்யலுவெங்கா தெல் ரொசாரியோ. சின்ன ஊர். பாயோயா ஆட்டுப்பால் சீஸ் அங்கே கிடைக்கும். சன்னலைத் திறந்தால் எதிரே செங்குத்துப் பாறை.

ஒரே பயணத்தில் நான்கு மலைகளைப் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஓர் இடத்தில் மூன்று காலைகள் உட்கார்ந்தவர் பார்ப்பதை, மூன்று இடங்களுக்கு ஓடியவர் பார்க்க மாட்டார்.

அனுமதியும் பாதுகாப்பும்

பின்சபார் என்ற ஊசியிலைக் காடு, கர்காந்தா வேர்தே பள்ளத்தாக்கு, தொரெயோன் சிகரம் ஆகியவற்றுக்குப் போகும் பாதைகளில் நடக்க முன்அனுமதி வேண்டும். எல் பொஸ்கே ஊரில் உள்ள இயற்கைப் பூங்கா மையத்தில் விசாரியுங்கள். காட்டுத்தீ அபாயத்தால் ஜூன் முதல் அக்டோபர் நடு வரை இந்தப் பாதைகளில் கட்டுப்பாடு இருக்கும். பாறுகள் கூடு கட்டும் காலத்திலும் விதிகள் மாறும். போவதற்கு முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், பழைய தகவலை நம்பாதீர்கள்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம். வார இறுதிகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும் பாதைகளில் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். பலகையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். ஆட்டு மந்தையோடு பெரிய காவல் நாய்கள் வரும். மந்தையின் நடுவே நடக்காமல் சுற்றிப் போங்கள், நாய் குரைத்தால் ஓடாதீர்கள். அவசரத்துக்கு எண் 112.

கையில் என்ன வேண்டும்

8×42 பைனாகுலர் போதும். 10 மடங்கு உள்ளது பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தைப் பார்க்க உதவும், ஆனால் மலைக்காற்றில் கை நடுங்கினால் படம் ஆடும். டெலஸ்கோப் இருந்தால் பாறுக் கூடுகளைத் தொலைவிலிருந்தே, தொந்தரவு செய்யாமல் பார்க்கலாம். தொப்பி, காற்றுத் தடுக்கும் மேலாடை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு சின்ன நோட்டு. செல்போனில் மெர்லின் செயலியை வைத்துக்கொண்டால் குரல் அடையாளத்துக்கு உதவும். ஆனால் அது சொன்ன பறவையைக் கண்ணால் பார்க்கும்வரை நோட்டில் எழுதாதீர்கள். குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுக்கும் பழக்கம் வேண்டாம், கூடு கட்டும் காலத்தில் கண்டிப்பாக வேண்டாம். எதிரி நுழைந்துவிட்டதாக நினைத்து அது தன் வேலையை விட்டுவிட்டுத் தேடி வரும். அந்த நேரத்தில் முட்டை குளிர்ந்துகொண்டிருக்கும்.

முதல் நாள்: கணவாயில் உட்காருங்கள்

கிராசலேமாவிலிருந்து சாராவுக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலையில், ஆயிரம் மீட்டருக்கு மேல், புவெர்த்தோ தே லாஸ் பலோமாஸ் என்ற கணவாய் இருக்கிறது. புறாக்களின் கணவாய் என்று பொருள். முதல் நாளை முழுதாக இங்கே கொடுங்கள்.

காலை எட்டரைக்கு வந்தால் எதுவும் இருக்காது. அந்த வெறுமைதான் முதல் பாடம். கிரிஃபான் பாறு ஏழெட்டுக் கிலோ எடையும் இரண்டரை மீட்டர் சிறகு விரிப்பும் கொண்டது. அதைத் தூக்கிக்கொண்டு சிறகடித்துப் பறப்பது கட்டுப்படியாகாது. பாறை சூடேறி, அதன்மேல் உள்ள காற்று மேலெழும்பும்வரை அது காத்திருக்கிறது. குளிர்காலத்தில் பத்தரை, பதினொன்று ஆகும். வசந்தத்தில் ஒன்பதரைக்கே தொடங்கிவிடும். காற்று பலமாக அடித்து மலைச்சரிவில் மோதி மேலேறும் நாளில் வெயிலே தேவையில்லை.

முதலில் ஒன்று கிளம்பும். இரண்டு வட்டம் அடிக்கும். அது ஏறுவதைப் பார்த்து இரண்டாவது அதே இடத்துக்கு வரும். பத்து நிமிடத்தில் முப்பது பாறுகள் ஒரே தூணில் சுற்றும். இந்தப் பொழுதில் சாலையோரச் சுவருக்கு அருகே அசையாமல் உட்கார்ந்திருந்தால், உங்கள் கண்மட்டத்தில், இருபது மீட்டர் தள்ளி, சிறகு முனைகளின் விரல்கள் காற்றில் விரிந்து மடங்குவதைப் பார்ப்பீர்கள். காற்று இறகில் உரசும் சத்தம் கேட்கும். எத்தனை முறை போனாலும் அந்தச் சத்தம் கேட்கும்போது நான் பைனாகுலரைக் கீழே வைத்துவிடுவேன்.

கொஞ்சம் பழகியதும் வயதைப் பாருங்கள். முதிர்ந்த பாறுக்குக் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு வளையம், வெளிறிய அலகு. இளம் பறவைக்கு வளையம் பழுப்பு, அலகு கருப்பு. பிறகு அவை எந்தத் திசையில் போகின்றன என்று எண்ணுங்கள். வானத்தில் அவை ஒன்றையொன்று கண்ணில் வைத்துக்கொண்டு பரவியிருக்கும். ஒன்று இறங்கினால் அடுத்தது பார்க்கும், அதைப் பார்த்து அதற்கடுத்தது. எல்லாம் ஒரே பக்கம் சரிந்து போனால் அங்கே எங்கோ ஓர் ஆடு செத்துக் கிடக்கிறது.

ஸ்பெயினில் இன்று 30,000 ஜோடிக்கு மேல் கிரிஃபான் பாறுகள் உண்டு. ஐரோப்பாவிலுள்ளவற்றில் பெரும்பகுதி இங்கேதான். இதை எழுதும்போது, நம் பாறுகள் எஞ்சியிருக்கும் நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, அவற்றின் பிணத்தைத் தின்ற இந்தியப் பாறுகளை அழித்தது. 2006இல் இந்தியா அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடை செய்தது. அதே மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த ஸ்பெயின் 2013இல் அனுமதி கொடுத்தது. நம் பாறுகளுக்கு நடந்தது தெரிந்த பிறகும் இப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அங்குள்ள பறவை ஆர்வலர்கள் அதை எதிர்த்துப் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

வானத்தில் யார் என்று பிரித்தறிதல்

தமிழில் பேச்சுவழக்கில் பிணந்தின்னியையும் வேட்டைப் பறவையையும் கழுகு என்றே சொல்லிவிடுகிறோம். இங்கே அது குழப்பும். பிணந்தின்னி என்றால் பாறு, வேட்டையாடுவது கழுகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிஃபான் பாறுவைக் கண்ணுக்குப் பழக்கியபின் அதை அளவுகோலாக்குங்கள். கட்டை வால், பெரிய பலகைச் சிறகு, வட்டமடிக்கும்போது சிறகுகள் சற்று மேல்நோக்கி உயர்ந்திருக்கும். அதைவிடச் சிறியதாக, வெள்ளை உடலும் கருப்புச் சிறகோரமும் ஆப்பு வடிவ வாலுமாக வருவது மஞ்சள்முகப் பாறு. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் இறங்கி வந்து உணவு வாங்கிப் போனது இதே இனம்தான். அங்கே 1990களுக்குப் பிறகு வருவதில்லை. இங்கே அது மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியிலிருந்து வந்து செப்டம்பரில் திரும்புகிறது. செங்கால் நாரையும் கீழிருந்து பார்க்க வெள்ளையும் கருப்பும்தான். நீண்ட கழுத்தும் பின்னால் நீளும் காலும் இருந்தால் நாரை.

அடிப்பக்கம் வெளிறி, தலை மட்டும் பழுப்பாக, காற்றில் அந்தரத்தில் நின்று கீழே பார்ப்பது பாம்புக்கழுகு. பருந்து அளவில், முன்சிறகு வெள்ளை, பின்சிறகு கருப்பு, எதிரே வரும்போது கழுத்தின் இருபுறமும் விளக்குப் போல இரண்டு வெள்ளைப் புள்ளிகள் என்றால் குள்ளக்கழுகு. முதுகில் வெள்ளைத் திட்டோடு இரண்டு கழுகுகள் சேர்ந்தே பறந்தால் அநேகமாகப் போனெல்லிக் கழுகு. இந்த மூன்றும் தமிழ்நாட்டிலும் பார்க்கக் கிடைப்பவை. ஊரில் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனால் அங்கே தடுமாற மாட்டீர்கள். போனெல்லிக் கழுகுக்கு ஆளைக் கண்டால் ஆகாது. கூட்டுப் பாறை தெரிந்தால் அதன் எதிரே நிற்காதீர்கள், இடத்தை இணையத்தில் போடவும் வேண்டாம்.

அக்டோபர், நவம்பர்: முதல் மழை

அக்டோபரில் முதல் பெரிய மழை பெய்த இரவு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே நடங்கள். கருப்பு உடலில் மஞ்சள் திட்டுகளோடு தீ சாலமாண்டர்கள் என்னும் பல்லி வடிவ நீர்நில வாழ்விகள் கோடை முழுக்கக் கல்லிடுக்கில் காத்திருந்துவிட்டுச் சாலைக்கு வருகின்றன. இங்குள்ள பெண்ணினம் முட்டையிடுவதில்லை, உயிருள்ள குஞ்சுகளைக் குட்டைகளில் விடுகிறது. அந்தக் குட்டையைத் தேடித்தான் நடக்கிறது. மழை இரவில் மலைச்சாலையில் கார் ஓட்டினால் மிக மெதுவாக ஓட்டுங்கள். நடுச்சாலையில் நிற்பதைக் கண்டால், அது போய்க்கொண்டிருந்த பக்கமாகவே நகர்த்தி விடுங்கள். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு எடுங்கள், பிறகு கழுவிவிடுங்கள். அதன் தோலில் நஞ்சு உண்டு.

பகலில் வடக்கிலிருந்து வந்தவர்களைப் பாருங்கள். ராபின், கருந்தொப்பிக் கதிர்க்குருவி, பாட்டுப் பூங்குருவி ஆகியவை பிரான்சிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. காட்டு ஒலிவமும் லெந்திஸ்கோ என்ற புதர்ச்செடியும் இந்த நேரத்தில் பழுப்பதால், எண்ணெய்ச் சத்துள்ள அந்தப் பழங்களே இவற்றின் சாப்பாடு. பழம் நிறைந்த ஒரு மரத்தைக் கண்டுபிடித்து, பதினைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

நவம்பரிலிருந்து மலையாடுகளின் இணைசேரும் காலம். ஐபெக்ஸ் கிடாக்கள் மற்ற நாளில் தனிக்கூட்டமாகத் திரியும், இப்போது பெண்ணாடுகளைத் தேடி இறங்கி வரும். கொம்பும் கொம்பும் மோதும் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். ஆளுக்குப் பழகிய மலையாடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தெக்கேராவுக்கு அருகே எல் தொர்கால் போகலாம். தோசையை அடுக்கி வைத்ததுபோல் கிடைமட்டமாக அரித்த சுண்ணாம்புப் பாறைகள். அந்தெக்கேராவின் கற்கால நினைவிடங்களோடு சேர்த்து 2016இல் உலக மரபுச் சின்னமானது.

டிசம்பர் முதல் பிப்ரவரி: பாறுகள் அடைகாக்கும் குளிர்

மலையுச்சியில் பனி, கீழே மழை. ஆனாலும் பாறுகளுக்கு இதுதான் கூட்டுக் காலம். டிசம்பரிலேயே குச்சியும் புல்லும் தூக்கிக்கொண்டு பறப்பதைக் காணலாம். ஜனவரி, பிப்ரவரியில் ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ ஐம்பத்தைந்து நாள் அடைகாக்கும். குஞ்சு பறக்க நான்கு மாதம் ஆகும். ஒரு ஜோடியின் ஓராண்டு உழைப்பு முழுவதும் அந்த ஒற்றைக் குஞ்சுதான். அதனால்தான் கூட்டுப் பாறைக்கு அருகே சத்தம் போடுவதையும் ட்ரோன் பறக்கவிடுவதையும் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பதறி எழும் பறவையின் காலில் முட்டை உருண்டு விழுந்தால் அந்த ஆண்டு போயிற்று.

உயரமான சரிவுகளில் சூரை ஜூனிப்பர் புதர்களின் பழத்துக்காக, மார்பில் வெள்ளைப் பிறை கொண்ட வளையப் பூங்குருவிகள் வந்திருக்கும். சாம்பலும் செம்பழுப்புமான ஆல்ப்ஸ் குருவி கணவாய்ச் சாலையோரத்தில் கிட்டத்தட்டக் காலடியில் மேயும். நிறையப் பேர் அதைச் சிட்டுக்குருவி என்று கடந்து போய்விடுகிறார்கள். நீலப் பூங்குருவி ஆண்டு முழுக்க இங்கே உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் குளிர்கால விருந்தாளியாக வருவதும் இதே இனம், வேறு வழித்தடத்தில். ஸ்பானியர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயருக்குத் தனிமையான பாறைக்காரன் என்று பொருள் சொல்லலாம்.

அந்தி சாயும்போது பாறைச் சுவருக்கு எதிரே அரைமணி நேரம் சும்மா நில்லுங்கள். பெரிய கொம்பன் ஆந்தையின் ஆழ்ந்த ஒற்றைக் குரல் குளிர்காலத்தில்தான் அதிகம் கேட்கும்.

பின்சபார் காட்டுக்கும் இதுவே நேரம். பின்சாப்போ என்ற ஊசியிலை மரம் ஸ்பெயினில் தெற்கேயுள்ள மூன்று மலைகளில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. சுவிஸ் தாவரவியலாளர் எத்மோன் புவாசியே 1838இல் அதற்கு அறிவியல் பெயரிட்டார். மழையும் மேகமும் அதிகம் தங்கும் வடக்குச் சரிவுகளில்தான் அது பிழைத்திருக்கிறது. உள்ளே பறவை குறைவு, மரத்தின் உச்சியில் நெருப்புக்கொண்டைக் குருவி மெல்லிய ஊசிக் குரலில் பேசும். காட்டுக்காகவே போகலாம்.

கூடுதலாக மூன்று நாள் கிடைத்தால், வடகிழக்கே சியரா மொரேனாவில் அந்தூஹர் காட்டுக்குப் போங்கள். ஐபீரிய லின்க்ஸ் காட்டுப்பூனை டிசம்பர், ஜனவரியில் இணைதேடி அலையும், பகலிலும் தென்படும். 2002 வாக்கில் நூற்றுக்கும் குறைவாக இருந்த இனம். 2023 கணக்கெடுப்பில் 2,000ஐத் தாண்டிவிட்டது. 2024இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதன் அபாய நிலையை ஒரு படி குறைத்தது. முயல் நிறைந்த சரிவைப் பார்த்தபடி சாலையோரம் நாள்முழுக்க நிற்பதே அதைப் பார்க்கும் வழி. எனக்கு இரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்குக் கிடைத்தது, ஒரு நிமிடம் கூட இருக்காது.

மார்ச் முதல் மே: வருகை வரிசை

எல்லாரும் சொல்லும் பருவம் இது, சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் வசந்தம் ஒரே நாளில் வருவதில்லை. பெரும்புள்ளிக் குயில் பிப்ரவரியிலேயே வந்துவிடும். நம் சுடலைக்குயிலின் நெருங்கிய உறவு, மாக்பை காக்கையின் கூட்டில் முட்டையிடும். மார்ச்சில் பாம்புக்கழுகும் மஞ்சள்முகப் பாறும் கடல் தாண்டி வரும். மார்ச் கடைசியில் ஐரோப்பியப் பஞ்சுருட்டான், ஏப்ரலில் நைட்டிங்கேல், ஏப்ரல் கடைசியில் மாங்குயிலின் ஐரோப்பிய உறவு. மேயில் தேன்பருந்துகள் நிற்காமல் வடக்கே கடந்து போகும். ஒரே வாரம்தான் போக முடியும் என்றால் ஏப்ரல் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வெயில்படும் வறண்ட கற்சரிவுகளில் கருப்பு உடலும் வெள்ளை வாலுமாக ஒரு குருவியைத் தேடுங்கள். கருங்கல்குருவி என்று நான் அழைக்கிறேன். கூடு கட்டும் முன் ஆண் பறவை, தன் எடையில் கணிசமான பங்குள்ள கற்களை அலகில் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து பாறைப் பொந்தின் வாசலில் அடுக்கும். ஒரு பருவத்தில் அது சுமக்கும் மொத்தக் கல் கிலோக்கணக்கில் போகும். எத்தனை கல் சுமக்கிறான் என்பதைப் பெண் பறவை கவனிக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். முப்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை தவறியது.

வசந்த காலத்தில் பூவும் பறவையும் ஒன்றாகக் கண்ணைப் பறிக்கும். நோட்டில் இரண்டுக்கும் தனிப் பக்கம் வையுங்கள்.

ஜூன், ஜூலை: தண்ணீரைத் தேடுங்கள்

இந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் திட்டத்தை மாற்றுங்கள். விடியும் முன் கிளம்பி பத்து மணிக்குத் திரும்பிவிடுங்கள், மாலை ஏழுக்கு மேல் மறுபடி போங்கள். நடுவே ஊரோடு சேர்ந்து உறங்குங்கள்.

நடந்து தேடுவதைவிட ஒரு ஊற்றையோ, ஆடு குடிக்கும் கல்தொட்டியையோ கண்டுபிடித்து நிழலில் உட்காருவது மேல். மாறலகுக் குருவிகள் காய்ந்த பைன் விதையையே தின்பதால் அடிக்கடி குடிக்க வரும். பாறைச் சில்லைகளும் வரிசையில் காத்திருக்கும். தொட்டியை ஒட்டி உட்காராதீர்கள். உங்களுக்காக ஒரு பறவை தண்ணீர் குடிக்காமல் திரும்பக் கூடாது.

பழைய பாலங்களுக்கு அடியில் செம்பிட்டத் தகைவிலானின் சுரைக்குடுக்கை வடிவ மண்கூடுகளைப் பாருங்கள். வாசலில் வெள்ளை இறகு ஒட்டிக்கொண்டிருந்தால், ஆப்பிரிக்காவிலிருந்து வரும் வெண்பிட்ட உழவாரன் அந்தக் கூட்டைக் கைப்பற்றிவிட்டது என்று அர்த்தம். அது மே மாதம் தாமதமாக வந்து, தகைவிலான் கட்டிய வீட்டில் குடியேறும். இருட்டியதும் செங்கழுத்துப் பக்கி இரட்டைத் தட்டல் போலக் கத்தும். சூடான சாலையில் உட்காரும் பழக்கம் அதற்கு உண்டு, இரவில் வண்டி ஓட்டும்போது நினைவில் வையுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பர்: மலையை விட்டுக் கடலுக்கு

ஆகஸ்டில் மலையில் இருக்காதீர்கள். மலையின் பறவைகள் பலவும் அங்கே இல்லை. அவற்றைப் பின்தொடர்ந்து தெற்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் தரீஃபா. அங்கே ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே ஜிப்ரால்டர் ஜலசந்தி வெறும் 14 கிலோமீட்டர். கடல்மீது சூட்டுக்காற்று எழும்புவதில்லை. அதனால் வட்டமடித்து மிதக்கும் பறவைகள் எல்லாம் மேற்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் இந்தக் குறுகலைத் தேடி வருகின்றன. பருவம் முழுவதும் சேர்த்தால் லட்சக்கணக்கில்.

வரிசை இது: ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் முதல் பாதியிலும் கரும்பருந்துகளும் செங்கால் நாரைகளும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் தேன்பருந்துகள். செப்டம்பர் முழுக்க மஞ்சள்முகப் பாறு, குள்ளக்கழுகு, பாம்புக்கழுகு. அக்டோபர், நவம்பரில் இளம் கிரிஃபான் பாறுகள். அவற்றுக்குத்தான் இந்தக் கடல் மிகக் கடினம். பாதி வழியில் திரும்பி வருவதையும், அலைக்கு மிக அருகே சிறகடித்துத் திணறுவதையும் பார்க்க நேரும்.

இங்கே நாட்காட்டியைவிடக் காற்று முக்கியம். கிழக்குக் காற்றுக்கு லெவாந்தே என்றும் மேற்குக் காற்றுக்குப் பொனியெந்தே என்றும் பெயர். காலையில் காப்பிக் கடையில் இந்த இரண்டில் எது என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். லெவாந்தே அடித்தால் பறவைகள் மேற்கே தள்ளப்படும், தரீஃபாவுக்கு அருகே கசாயா மேட்டுக்குப் போங்கள். பொனியெந்தே என்றால் கிழக்கே, அல்ஹெசிராஸ் பக்கம் அல்காரோபோ மேட்டுக்கு. இரண்டு இடத்திலும் பருவத்தில் எண்ணிக்கை எடுப்பவர்கள் இருப்பார்கள். வணக்கம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

லெவாந்தே மிகக் கடுமையாக வீசினால் பறவைகள் கடக்காது. இரண்டு நாள், மூன்று நாள், சில சமயம் ஒரு வாரம் கூட மரங்களிலும் சரிவுகளிலும் ஆயிரக்கணக்கில் தங்கிக் காத்திருக்கும். பலர் அந்த நாட்களில் வானம் வெறுமையாக இருக்கிறதென்று மூட்டை கட்டிப் புறப்பட்டுவிடுகிறார்கள். நீங்கள் இருங்கள். இரவில் சன்னல் கதவு ஆடும் சத்தத்தைக் கேளுங்கள். அந்தச் சத்தம் நின்றுபோன மறுநாள் காலை, ஒன்பது மணிக்கு முன், கசாயாவில் தொப்பியோடும் தண்ணீரோடும் உட்கார்ந்திருங்கள்.